நார்ஈஸ்டர் பனிப்புயலின் கடுமையை மதிப்பிடுவது எப்படி?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், வர்ஜீனியா முதல் மெய்ன் வரையிலான மாநிலங்களை, இலையுதிர்காலத்திலிருந்து ஏப்ரல் வரை நார்ஈஸ்டர் என்று அழைக்கப்படும் புயல்கள் ஆண்டுதோறும் தாக்குகின்றன. புயல் வருகிறது என்ற செய்தி பரவியதும், நியூஜெர்சியிலும் பாஸ்டன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, எத்தனை அங்குலம் பனி விழும் என்பதுதான். அது தேவையான கேள்வியே. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் புயல் நம் பகுதியில் எத்தனை மணி நேரம் தங்கும் என்பதே அது. பனியின் ஆழம், அலையின் வலிமை, கரையோர வெள்ளம், மின்தடை எல்லாமே அந்த நேரக் கணக்கைச் சார்ந்தே பெருகுகின்றன அல்லது குறைகின்றன என்பதை 1962 முதல் வந்த பெரும் புயல்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

வங்கக் கடல் புயல்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கக் கடலில் உருவாகும் புயல், வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவியால் ஆற்றல் பெறுகிறது. மையத்தைச் சுற்றி வீசும் காற்றின் வேகத்தைக் கொண்டு அது வகைப்படுத்தப்படுகிறது. நார்ஈஸ்டருக்கு ஆற்றல் தருவது பெருமளவில் வெப்பநிலை வேறுபாடு. கனடாவிலிருந்து இறங்கும் உறைகுளிர்க் காற்றும், வளைகுடா நீரோட்டம் என்னும் வெப்பக் கடல் நீரோட்டத்தின் மேலுள்ள ஈரமான வெப்பக் காற்றும் கரையோரமாகச் சந்திக்கும் இடத்தில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி ஆழமாகிறது. இதனால் அதன் காற்றும் மழையும் பனியும் மையத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவு வரை பரந்திருக்கும். மையம் கரையைத் தொடாமல் கடலிலேயே நகர்ந்து சென்றாலும் பெருஞ்சேதம் விளையும். எனவே, எந்த ஊரில் கரையைக் கடக்கும் என்ற பழக்கமான கேள்வி இங்கே பெரும்பாலும் உதவாது.

அளவுகோல்கள் எதைச் சொல்கின்றன, எதை விடுகின்றன

பால் கோசின், லூயிஸ் உசெலினி என்ற இரு வானிலை அறிஞர்கள் 2004-இல் வெளியிட்ட வடகிழக்குப் பனிப்பொழிவுத் தாக்க அளவுகோல், சுருக்கமாக நெசிஸ், பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. 4, 10, 20, 30 அங்குலங்களுக்கு மேல் பனி விழுந்த நிலப்பரப்பையும், அந்தப் பரப்பில் வாழும் மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டு, புயலை ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பது அதன் முறை. 1993 மார்ச் மாதப் பெரும்புயல் 13.20 என்ற மதிப்பையும், 1996 ஜனவரிப் புயல் 11.78 என்ற மதிப்பையும் பெற்று உச்சமான ஐந்தாம் படியில் நிற்கின்றன. வரலாற்று ஒப்பீட்டுக்கு இது சிறந்த கருவி. ஆனால் இது புயல் ஓய்ந்த பிறகு கணக்கிடப்படுவது. காற்றையும் கடலையும் பனியின் எடையையும் இது பார்ப்பதில்லை.

அந்த விடுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2011 அக்டோபர் 29 அன்று வந்த புயலைக் கொண்டு அறியலாம். நெசிஸ் கணக்கில் அது முதற்படியில்தான், அதாவது மிகக் கீழான படியில்தான் இருக்கிறது. ஆயினும் மரங்களில் இலைகள் உதிராத பருவத்தில் ஈரமான கனத்த பனி விழுந்ததால், கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் சாய்ந்து, ஏறத்தாழ 30 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கனெக்டிகட்டில் பல வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக இருளிலும் குளிரிலும் இருந்தன. மாசச்சூசெட்ஸின் பீரு என்னும் மலையூரில் 32 அங்குலப் பனி விழுந்தது என்பதை விட, இலையுள்ள மரங்களில் விழுந்த சில அங்குலப் பனியே மக்களை அதிகம் வாட்டியது.

புயலுக்கு முன்னரே பயன்படுத்தத் தக்கது, அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை வெளியிடும் குளிர்காலப் புயல் கடுமைக் குறியீடு. பனியின் அளவு, பனியின் சுமை, மரங்களிலும் கம்பிகளிலும் படியும் உறைபனிக்கட்டி, காற்றால் அடித்துச் செல்லப்படும் பனி, திடீர் உறைவு ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டு, சிறிய தாக்கம் முதல் மிகக் கடுமையான தாக்கம் வரை அது நிறம் தீட்டிக் காட்டுகிறது. இதன் மொத்த வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், உட்பிரிவு வரைபடங்களைத் திறந்து, எந்தக் காரணத்தால் தம் ஊர் சிவப்பாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பனிச்சுமையால் சிவப்பானால் மின்தடைக்கும் மரம் சாய்வதற்கும் ஆயத்தமாக வேண்டும். அடித்துச் செல்லப்படும் பனியால் சிவப்பானால் பயணத்தைக் கைவிட வேண்டும். கடல் வெள்ளம் இந்தக் குறியீட்டிலும் இல்லை.

வரைபடத்தில் முதலில் தேட வேண்டியவை

மைய அழுத்தம் எவ்வளவு விரைவாக விழுகிறது என்பது நாளிதழ்களுக்குப் பிடித்த செய்தி. சாண்டர்ஸ், கியாகும் என்ற ஆய்வாளர்கள் 1980-இல் வகுத்த வரையறைப்படி, 60 பாகை அட்சரேகையில் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் அழுத்தம் குறைந்தால் அது வெடிப்பு வேகத்தில் ஆழமாகும் புயல். நியூயார்க் இருக்கும் 40 பாகை அட்சரேகைக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 18 மில்லிபார். 2018 ஜனவரி 4 அன்று, பாஸ்டன் உள்ளிட்ட வடகிழக்கு மூலையாகிய நியூ இங்கிலாந்துக்கு வெளியே கடலில் சென்ற புயலில் 24 மணி நேரத்தில் சுமார் 59 மில்லிபார் அழுத்தம் குறைந்தது. வரம்பைப் போல மூன்று மடங்கு. இருந்தும் அது விரைந்து நகர்ந்ததால் பாஸ்டனில் ஓரடிக்குச் சற்று மேல் பனி விழுந்ததோடு நின்றது.

ஆகையால் தாழ்வழுத்த எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. அதற்கு வடக்கே, கனடாவின் கியூபெக் பக்கம், 1035 அல்லது 1040 மில்லிபார் அளவில் ஓர் உயரழுத்தம் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டுக்கும் இடையிலுள்ள சரிவைப் பொறுத்தது; சாதாரணத் தாழ்வழுத்தம்கூட வலுவான உயரழுத்தத்தின் அருகில் கடும் காற்றை உண்டாக்கும். அந்த உயரழுத்தம் குளிர்காற்றைத் தொடர்ந்து கரைப்பக்கம் அனுப்புவதால் பனி மழையாக மாறாமலும் காக்கிறது. கிரீன்லாந்துக்கு மேல் உயரழுத்தம் தடுப்பாக நின்றால் புயலுக்கு வடகிழக்கே வழி அடைபடும். அப்போது அது ஓரிடத்திலேயே சுழன்று நிற்கும். தடுப்பு இருக்கிறது என்ற செய்தியைக் கண்டதும் மதிப்பீட்டை ஒரு படி உயர்த்திக்கொள்வது என் வழக்கம்.

அடுத்தது புயல் மையத்தின் பாதை. 40 பாகை வட அட்சரேகையும் 70 பாகை மேற்குத் தீர்க்கரேகையும் சந்திக்கும் புள்ளியை, அதாவது நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவிலுள்ள இடத்தை, நியூ இங்கிலாந்தின் வானிலையாளர்கள் அடையாளப் புள்ளியாக வைத்திருக்கிறார்கள். மையம் அதன் அருகே சென்றால் பாஸ்டன் பகுதிக்குப் பெரும்பனி வாய்க்கும். அதற்கு மேற்கே, கரையை ஒட்டிச் சென்றால், கடலின் வெப்பக் காற்று உள்ளே புகுந்து கரையோர நகரங்களில் மழையாகிவிடும். உள்நாட்டு மலைப்பகுதிகள் பனியில் மூழ்கும். மிகவும் கிழக்கே சென்றால் பனி கடலிலேயே விழுந்துவிடும். வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க், பாஸ்டன் ஆகிய ஐந்து பெருநகரங்களும் 95-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி, மழையும் பனியும் பிரியும் கோட்டின் மேலேயே அமைந்திருப்பதுதான் இந்தப் பகுதியின் முன்கணிப்பை இவ்வளவு கடினமாக்குகிறது.

பனியை ஆழத்தால் மட்டும் அளக்கக் கூடாது

மொத்த அங்குலத்தை விட, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அங்குலம் விழும் என்பது சாலைக்கு முக்கியம். மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போனால் பனி அகற்றும் வண்டிகள் திணறும். இரண்டைத் தாண்டினால் அகற்றிய சாலை சற்று நேரத்தில் மீண்டும் மூடிவிடும். இந்தக் கடும்பொழிவு குறுகிய பட்டைகளாக விழுவதால், அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கிடையே ஓரடி வேறுபாடு இருப்பது வியப்பன்று. 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் புயல் நியூ இங்கிலாந்துக்குத் தெற்கே ஏறத்தாழ நின்றுவிட்டது. பாஸ்டனில் ஒன்றரை நாளுக்குள் 27.1 அங்குலப் பனி விழுந்தது. வேலையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் 128-ஆம் நெடுஞ்சாலையில் புதைந்தன. புகைபோக்கிக் குழாய் பனியால் அடைபட்ட வண்டிக்குள் நச்சுப்புகை நிறைந்து சிலர் இறந்தார்கள். பொழிவு எந்த மணிக்கு உச்சம் அடையும் என்பதைக் கணிப்பில் தேடிப் படிப்பது எவ்வளவு தேவையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எடையைக் கணக்கிடும் முறை எளிது. சராசரியாகப் பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஓர் அங்குல நீர் கிடைக்கும். அந்த விகிதத்தில் 30 செ.மீ. பனி, கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 30 கிலோ சுமையை வைக்கிறது. வெப்பநிலை சுழியத்தை ஒட்டியிருக்கும்போது விழும் ஈரப்பனியில் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதமும் உண்டு. அப்போது அதே ஆழத்துக்கு 60 கிலோ. கடுங்குளிரில் விழும் தூள்பனியில் இருபதுக்கு ஒன்று என்றால் 15 கிலோதான். ஆழம் ஒன்றாக இருந்தும் சுமை நான்கு மடங்கு மாறுவதால், முன்கணிப்பில் வெப்பநிலையையும் நீர் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் கூரையைப் பற்றியோ, மண்வாரியால் பனி அள்ளப்போகும் முதியவரின் இதயத்தைப் பற்றியோ முடிவெடுக்கக் கூடாது. ஈரப்பனியோடு மணிக்கு 50 மைல் வேகத்தை எட்டும் காற்றும் சேர்ந்தால் மின்தடை வருமென்றே கொள்ள வேண்டும்.

பனிச்சூறாவளி எச்சரிக்கையில் பனியின் அளவுக்கு இடமே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேற்பட்ட காற்று, கால் மைலுக்கும் குறைந்த பார்வைத் தொலைவு, இவை இரண்டும் மூன்று மணி நேரமாவது நீடித்தல் ஆகியவையே அதன் நிபந்தனைகள்.

கடலைக் கணக்கில் சேர்த்தல்

கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இதுவே தலையாய பகுதி. நகரச் செய்திகளில் பனியே பேசப்படுவதால் இதைப் பலர் தவறவிடுகிறார்கள். 1962 மார்ச் 6 முதல் 8 வரை நீடித்த சாம்பல் புதன் புயல் கடலோரத்தில் பனியால் பேசப்பட்டதன்று. அதன் மைய அழுத்தமும் வியக்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்கவில்லை. வடக்கே உயரழுத்தம் வழிமறித்ததால் அது நகராமல் நின்றது; அமாவாசையை ஒட்டிய பெரிய கடலேற்றங்கள், அதாவது ஓதங்கள், ஐந்து அடுத்தடுத்து அதன் காலத்தில் வந்தன. வட கரோலினாவிலிருந்து நியூயார்க் வரை மணல் மேடுகள் கரைந்தன, வீடுகள் கடலுக்குள் இழுக்கப்பட்டன, சுமார் 40 பேர் இறந்தார்கள்.

நாள்தோறும் கடல் ஏறி இறங்கும் ஓதத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எனவே பத்து மணி நேரத்தில் கடந்துவிடும் புயல் ஓர் ஓத உச்சத்தைச் சந்திக்கலாம், சந்திக்காமலும் போகலாம். ஒன்றரை நாள் தங்கும் புயல் இரண்டையாவது சந்தித்தே தீரும், பெரும்பாலும் மூன்றைச் சந்திக்கும். முன்கணிப்பில் கடுங்காற்று வீசும் மணிகளை ஒரு தாளில் குறித்து, அதன் கீழே தம் ஊரின் ஓத அட்டவணை நேரங்களை எழுதி, எத்தனை உச்சங்கள் அந்த இடைவெளிக்குள் விழுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே நான் பரிந்துரைக்கும் முதல் வேலை. அமாவாசையோ பௌர்ணமியோ அருகில் இருந்தால் ஒவ்வோர் உச்சமும் வழக்கத்தை விட உயரமாக இருக்கும். 1978 பிப்ரவரி 7 அமாவாசை நாள். 2018 ஜனவரி 4 பௌர்ணமிக்குச் சில நாட்களே கழிந்த நாள். அன்று பாஸ்டன் துறைமுகத்தில் நீர்மட்டம் 15.16 அடியை எட்டி, 1978-இன் பதிவைச் சற்றே முந்தியது. புயல் விரைந்து போயிருந்தும் ஓத உச்சத்தோடு பொருந்தியதால் வந்த விளைவு அது. பாஸ்டனில் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வீதம் உயர்ந்துவருவதால், இடைப்பட்ட 40 ஆண்டுகளில் கூடிய ஏறத்தாழ 12 செ.மீ. இல்லாதிருந்தால் அந்தப் பதிவு முறிந்திருக்காது.

புயலால் கடல் எழும் அளவு ஊருக்கு ஊர் ஒரே பொருள் தருவதில்லை. பாஸ்டனில் ஓதத்தின் ஏற்ற இறக்க வேறுபாடு ஏறத்தாழ 2.9 மீட்டர், அங்கே ஒரு மீட்டர் எழுச்சி ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் வந்தால் தெருவில் துளி நீர் ஏறாது. நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் அந்த வேறுபாடு சுமார் 1.2 மீட்டர்தான், அதே எழுச்சி வற்றிய நேரத்தில் வந்தாலும் நீர்மட்டம் வழக்கமான உச்சத்தை நெருங்கிவிடும். மேலும் அங்கே தடுப்புத் தீவுகளுக்குப் பின்னால் உள்ள காயல்களில் குறுகிய வாய்கள் வழியே புகுந்த நீர், காற்று எதிர்த்து நிற்பதால் அடுத்த ஓதத்துக்குள் வடிய முடியாமல் தேங்கும். அதன்மேல் அடுத்த ஓதம் ஏறும். இத்தகைய இடங்களில் முதல் உச்சத்தில் வீடு தப்பியது என்பதை வைத்து இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தப்பும் என்று நம்பக் கூடாது. கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். பாஸ்டனுக்குத் தெற்கேயுள்ள சிச்சுவேட், மார்ஷ்ஃபீல்டு ஊர்கள் வடகிழக்கை நேராகப் பார்ப்பதால், 2018 மார்ச் தொடக்கத்தில் வந்த புயலில், பாஸ்டன் நகரில் பனியே பெரிதாக இல்லாதபோதும், அடுத்தடுத்த ஓதங்களில் அங்கே கடல் வீடுகளுக்குள் புகுந்தது.

அலையின் வலிமைக்கு ராபர்ட் டோலன், ராபர்ட் டேவிஸ் ஆகிய இருவர் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோல் பயனுள்ளது. வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக்கு வெளியே நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட புயல்களை ஆராய்ந்து, அலையின் உயரத்தை இருமடியாக்கி அது நீடித்த மணிகளால் பெருக்கினால் கரை அரிப்பின் அளவு விளங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். 3 மீட்டர் அலை 12 மணி நேரம் நீடித்தால் 108. அதே அலை 60 மணி நேரம் நீடித்தால் 540. 1962-இன் புயலும், பனியே இல்லாமல் கரையைச் சிதைத்த 1991 அக்டோபர் இறுதிப் புயலும் அவர்களுடைய ஐந்து வகுப்புகளில் மிகக் கடுமையான ஐந்தாம் வகுப்பில் வருகின்றன. அலை உயரத்தை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்: தேசியத் தரவு மிதவை மையத்தின் 44013 எண் மிதவை பாஸ்டனுக்குக் கிழக்கேயும், 44025 எண் மிதவை லாங் ஐலண்டுக்குத் தெற்கேயும் மணிதோறும் அலை, காற்று, அழுத்தம் ஆகியவற்றைத் தருகின்றன.

எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்

1993-இன் பெரும்புயல் ஐந்து நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. 2000 ஜனவரியில் வட கரோலினாவின் ராலியில் 20.3 அங்குலம் கொட்டிய புயலையோ முந்தைய நாள்வரை கணினி மாதிரிகள் சரியாகக் காட்டவில்லை. 2015 ஜனவரி 26, 27 தேதிகளுக்கு நியூயார்க் நகரில் இரண்டடிக்கு மேல் பனி என்று கணிக்கப்பட்டு, சுரங்க ரயில் பனிக்காக முதல்முறையாக நிறுத்தப்பட்டது. சென்ட்ரல் பார்க்கில் விழுந்ததோ 9.8 அங்குலம். ஆனால் அதே புயல் பாஸ்டனில் 24.6 அங்குலமும், வூஸ்டரில் 34.5 அங்குலமும் கொட்டியது. கணிப்பு பொய்த்தது என்று அன்று எழுந்த கூச்சல் எனக்கு நியாயமாகப் படவில்லை. புயலின் கடுமை சரியாகவே கணிக்கப்பட்டது. அதன் மேற்கு விளிம்பு சிறிது கிழக்கே நகர்ந்தது. விளிம்பில் இருக்கும் ஊருக்கு ஒற்றை எண்ணைச் சொல்வதே தவறு.

இப்போது வானிலைச் சேவை எதிர்பார்க்கும் அளவோடு, பத்தில் ஒரு பங்கு வாய்ப்புள்ள குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் தனி வரைபடங்களாகத் தருகிறது. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மூன்றும் நெருங்கியிருந்தால் கணிப்பை நம்பலாம்; 2 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் இடையே விரிந்திருந்தால் நம் ஊர் விளிம்பில் இருக்கிறது என்று பொருள், அப்போது மிகுந்த அளவுக்கே ஆயத்தமாக வேண்டும். ஐந்து நாட்களுக்கு முன்னால் வரும் அங்குல எண்களைப் பகிர்வதை எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அந்தத் தொலைவில் புயல் வருமா, நிற்குமா, கடந்துவிடுமா என்பதற்கு மேல் எதையும் படிக்க முடியாது.

புயல் வந்த பிறகு காற்றின் திசை மாறுவதைக் கவனித்தால் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளலாம். வடகிழக்குக் காற்று வடக்காகி, பிறகு வடமேற்காகத் திரும்பினால், மையம் நமக்குக் கிழக்கே கடலில் கடந்துபோகிறது. குளிர் கூடும், ஈரமான சாலைகள் ஒரு மணி நேரத்துக்குள் உறையக்கூடும். மாறாகக் காற்று கிழக்காகி, பின்னர் தென்கிழக்காகத் திரும்பினால், மையம் நமக்கு மேற்கே வருகிறது. பனி மழையாக மாறும், முன்பு விழுந்த பனி அந்த மழையை உறிஞ்சிக் கூரைச் சுமையை ஏற்றும், வடிகால் அடைபட்ட தெருக்களில் நீர் தேங்கும். துறைமுக ஓத அளவியின் பக்கத்தில் அட்டவணை மட்டத்துக்கும் உண்மை மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஓதம் வற்றும்போதும் குறையாமல் நின்றால், அடுத்த உச்சமும் உயர்ந்தே வரும். பனி நின்று வானம் வெளுத்த பிறகும் கடலில் எழுந்த பெரிய அலைகள் அடங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், கரையோரத் தாழ்வுப் பகுதியிலிருந்து வெளியேறியவர்கள் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டு ஓத உச்சங்கள் வெள்ள வரம்புக்குக் கீழே கடந்ததை அளவியில் உறுதிசெய்துகொண்டு திரும்ப வேண்டும்.